நின்றே தேயும் கார்

"தம்பி, இஞ்ச வந்து இதை ஒருக்கா வாசியுங்கோ."

கார் லிஃப்டில் ஆளுயரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கராஜ் அண்ணன் டார்ச்சைப் பிடித்திருந்த இடம் பின்பக்க டயரின் பக்கவாட்டுச் சுவர். கம்பெனிப் பெயருக்கும் அளவு எண்களுக்கும் நடுவே, ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கங்கள்: 0815.

"ரயர் செய்த திகதி. 2015ஆம் ஆண்டு, எட்டாவது கிழமை. காரோட வந்த ரயர் இது. நீங்கள் இன்னும் மாத்தேல்லை."

கிழமை என்றால் இலங்கைப் பேச்சில் வாரம். மாற்றவேண்டிய காரணம்தான் எனக்குப் புரியவில்லை. டயரில் பட்டை நன்றாக இருந்தது. இங்கே பிரிட்டனில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ள ஆழம்தான். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்துக்குள் செருகி, அதன் வெளிவிளிம்பு மறைந்தால் போதும் என்று ஒரு வீட்டு வைத்தியம் உண்டு. என் டயரில் விளிம்பு மறைந்து அதற்கு மேலும் போனது. அண்ணன் கட்டைவிரலால் ரப்பரை அழுத்திக் காட்டினார். கோடை வயல் மாதிரி மெல்லிய வெடிப்புகள், பாளம் பாளமாக.

"தேயேல்லை தம்பி. வயசு போட்டுது. நிண்டு நிண்டே பழுதாப் போட்டுது."

எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிச் சோதனையில் பாஸ்தான். ஆனால் சான்றிதழின் கீழே 'அட்வைசரி' என்று ஒரு வரி: பின் டயர்கள் இரண்டிலும் வெடிப்பு, கவனிக்கவும். அதே தாளில் போன வருட மைலும் இந்த வருட மைலும் இருந்தன. 41,380, 43,290. ஒரு வருடத்தில் 1,910 மைல் ஓட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். இன்சூரன்ஸ் 612 பவுண்டு. வரி 20. எம்ஓடி 54.85. சர்வீஸ் 180. தெருவில் நிறுத்தும் பெர்மிட் 100. இரண்டு டயர் 150. ஆக 1,116.85 பவுண்டு. பெட்ரோல் மட்டும் சுமார் 260. மைலுக்குப் பிரித்துப் பார்த்தால், பெட்ரோலுக்கு 14 பென்ஸ்கூட ஆகவில்லை. மிச்சச் செலவு மைலுக்கு 58 பென்ஸுக்கு மேல். அதாவது கார் ஓடுவதற்கு நான் கொடுத்த காசைப்போல நாலு மடங்கு அது சும்மா இருப்பதற்குக் கொடுத்திருக்கிறேன்.

என் கார் மட்டும் சோம்பேறி இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். ஆர்ஏசி ஃபவுண்டேஷன் என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பு போட்ட கணக்கின்படி பிரிட்டனில் ஒரு கார் சராசரியாகத் தன் காலத்தில் 4 சதவீதம்தான் ஓடுகிறது. 73 சதவீதம் வீட்டருகில் நிற்கிறது, 23 சதவீதம் வேறெங்கோ நிற்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம்கூட ஓட்டம் இல்லை. ஊரில் கார் என்றால் ஓட்டுவதைப் பற்றித்தான் பேச்சு: மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி, ஏசி நிற்குமா. இங்கே பதின்மூன்று வருடம் குப்பை கொட்டிய பிறகு சொல்கிறேன், இந்த நாட்டில் காரின் தொல்லைகளில் முக்கால்வாசி அது நிற்பதால் வருவது.

என் முதல் தொல்லையே நின்றதால் வந்ததுதான். 2012இல் வந்தபோது இந்திய லைசென்ஸை வைத்து ஒரு வருடம் ஓட்டலாம் என்றார்கள். அது உண்மை. ஆனால் அதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று நானாக நினைத்துக்கொண்டது தப்பு. இந்தியா, இலங்கை இரண்டுமே மாற்றித்தரும் நாடுகளின் பட்டியலில் இல்லை. பன்னிரண்டு மாதம் முடிந்தால் எட்டாம் வகுப்புப் பையனைப்போலத் தியரியிலிருந்து தொடங்க வேண்டும். கராஜ் அண்ணன் அந்தக் காலத்தில் தியரியைத் தமிழில் கேட்டே பாஸ் செய்தவர். 2014 ஏப்ரல் வரை ஆங்கிலமும் வெல்ஷும் போக 19 மொழிகளில் கேள்விகளைக் காதில் கேட்டுக்கொள்ளும் வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. "'முந்திச் செல்லும்போது' எண்டு ஒரு பொம்பிளைக் குரல். வானொலிச் செய்தி கேக்கிற மாதிரி இருந்தது" என்பார்.

நான் தியரியில் தப்பித்தேன், பிராக்டிகலில் மாட்டினேன். சின்னத் தவறுகள் 15 வரை மன்னிப்பு. பெரிய தவறு ஒன்றே ஒன்று போதும், ஃபெயில். என் பெரிய தவறு, ரவுண்டானாவில் தயங்கி நின்றது. மதுரையில் பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றி ஆறு வருடம் ஓட்டியவன், இங்கே ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். தேவையில்லாத தயக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் யாரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.

நிற்கும்போது ஹார்ன் அடிப்பதும் இங்கே சட்டப்படி தப்பு, வேறொரு வண்டியால் ஆபத்து வந்தால் ஒழிய. ராத்திரி பதினொன்றரை முதல் காலை ஏழு வரை, ஊருக்குள் ஓடும்போதும் அடிக்கக்கூடாது. நல்ல சட்டம். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

புகார் டீசல் கார் விஷயத்தில்தான்.

2015 ஜூலையில் ஒரு '62 பிளேட்' டீசல் வாங்கினேன். இங்கே காரின் வயதை யாரும் வருடத்தில் சொல்வதில்லை, நம்பர் பிளேட்டில் சொல்வார்கள். மார்ச் மாதம் வரும் புது எண் அந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். செப்டம்பரில் வருவது அதோடு 50 கூட்டியது. ஆக 62 என்றால் 2012 செப்டம்பரிலிருந்து 2013 பிப்ரவரிக்குள் பதிவானது. 2001 செப்டம்பரில் 51இல் தொடங்கிய கணக்கு இது. தெருவில் போகும் எந்தக் காரின் வயதையும் அடுத்த வீட்டுக்காரர் மனக்கணக்காகப் போட்டுவிடுவார்.

டீசல் வாங்கியதற்குக் காரணம் வரி. 2001இலிருந்து இங்கே வாகன வரி கார்பன் டையாக்சைடைப் பார்த்து வந்தது. டீசல் கார் மைலுக்குக் குறைவாகத்தான் அதை விடும். வருடத்துக்கு 30 பவுண்டு வரி, காலனுக்கு அறுபது மைல் என்று விற்பவர் அடுக்கினார். (பெட்ரோல் பங்கில் லிட்டர், பேச்சில் காலன், அதுவும் 4.546 லிட்டர் கொண்ட இங்கிலாந்துக் காலன். இந்தக் குழப்பத்துக்கு நான் பழகவே இல்லை.) அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, நான் எவ்வளவு ஓட்டுவேன் என்பது. நான் கேட்டுக்கொள்ளாததும் அதைத்தான். வேலைக்கு, லண்டன் ஓரத்தில் நாங்கள் இருக்கும் ஹாரோவிலிருந்து மெட்ரோபாலிட்டன் ரயில். காரின் வேலை பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சனிக்கிழமை ஈலிங் ரோடில் காய்கறி, வெள்ளிக்கிழமை கோயில். எதுவும் நாலு மைலைத் தாண்டாது.

இரண்டு மாதத்தில், புகைச் சோதனையில் ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் டீசல் விவகாரம் உலகம் முழுக்க வெடித்தது. என் கார் அந்தக் கம்பெனி இல்லை, அதனால் வேடிக்கை பார்த்தேன். எட்டு மாதத்தில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சின்னப் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு படம்.

அண்ணன் அதைப் பார்த்ததுமே சிரித்தார். டீசல் புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அது, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் சூடேறும். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடினால் அடுப்பு பற்றுவதற்குள் அணைத்தது மாதிரி. கரி சேர்ந்துகொண்டே போகும். இந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று வேறோர் ஆள் சொன்னதுண்டு. 2014 பிப்ரவரியிலிருந்து அது இல்லாத டீசல் வண்டிக்கு எம்ஓடி கிடையாது, அதோடு எனக்கும் மனசு ஒப்பவில்லை.

அண்ணன் சொன்ன வைத்தியம் இலவசம். "ஞாயிறு பின்னேரம் மோட்டர்வேயிலை கொண்டுபோய் ஓட்டிப்போட்டு வாங்கோ."

அப்படி ஒரு வழக்கம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பும் அதே நேரத்தில், நான் காரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். எம்1இல் ஏறி, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் வரை அறுபது மைல் வேகத்தில் போய், அங்கே இறங்கித் திரும்பி வருவேன். ஹெமல் ஹெம்ப்ஸ்டெடில் எனக்கு யாரையும் தெரியாது. ஒருமுறைகூட நிறுத்தி டீ குடித்ததில்லை. சிக்கனத்துக்காக வாங்கிய காரின் உடம்புக்காக வாரம் நாலு லிட்டர் டீசல். "எங்கப்பா போறோம்?" என்று ஒரு நாள் கூடவே ஏறிக்கொண்ட மகன் கேட்டான். "எங்கேயும் இல்ல" என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அப்புறம் வாராவாரம் வந்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுபோயின. மார்ச் 30 முதல் எம்ஓடி கெடு முடியும் கார்களுக்கு அரசாங்கமே ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தது. வண்டி வீட்டு முன்னால், தெருவில், ஒரே இடத்தில் ஏழு வாரம் நின்றது.

எங்கள் தெருவில் வரிசையாக லைம் மரங்கள். வீடு பார்க்க வந்தபோது ஏஜெண்ட் அந்தப் பெயரைச் சொன்னதும் எலுமிச்சை என்று நினைத்து மனைவி சந்தோஷப்பட்டாள். எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரிய நிழல் மரம். கோடையில் இலையெல்லாம் அசுவினிப் பூச்சி உட்கார்ந்து சாறு குடித்து, சர்க்கரைத் தண்ணீராகக் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். அடியில் நிற்கும் கார் மேல் பாகு பூசியது மாதிரி ஒட்டும். அதன் மேல் தூசி, பிறகு கறுப்புப் பூஞ்சணம், இடைவெளி நிரப்பப் புறா.

மே மாதத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையில் பச்சைப் பாசி, கிணற்றுச் சுவரில் படர்வதுபோல் மெத்தென்று முளைத்திருந்தது. அதில் ஒரு விரல்கடை உயரத்துக்கு ஏதோ ஒரு செடி. பக்கக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே சிலந்தி வலை. பிரேக் தட்டுகள் செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தன. சாவியைத் திருப்பினேன், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை எதிரே கொண்டுவந்து, இரண்டு மீட்டர் விலகி நின்றபடியே ஒயரை நீட்டிக் கிளப்பிக் கொடுத்தார். கிளம்பியது. நகரவில்லை. கை பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் இரண்டு தடவை உலுக்கியதும் 'டம்' என்று விடுபட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகியது.

இத்தனைக்கும் அந்த ஏழு வாரமும் அதற்கு வரி கட்டினேன், இன்சூரன்ஸ் கட்டினேன். பொதுத் தெருவில் ஒரு கார் நிற்பதற்கே இரண்டும் வேண்டும். ஓட்டவே மாட்டேன் என்றால் சோர்ன் என்று ஓர் அறிவிப்புக் கொடுத்து வரியை நிறுத்தலாம். ஆனால் பிறகு அது உங்கள் சொந்த இடத்தில்தான் நிற்க வேண்டும், சக்கரம்கூடத் தெருவில் படக்கூடாது. எங்கள் வீடு 1930களில் ரயில் பாதையை ஒட்டிக் கட்டிய மெட்ரோலேண்ட் வீடுகளில் ஒன்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு சந்து, பின்னால் ஒரு கராஜ். அன்றைய சின்னக் கார்களுக்கு அளவெடுத்த சந்து. இன்றைய காரை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாது. கராஜில் காரைத் தவிர எல்லாம் இருக்கிறது: சைக்கிள், பழைய மெத்தை, வெங்காய மூட்டை, ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த இட்லிப் பானை.

டீசலின் கதை 2023 ஆகஸ்ட் 29இல் முடிந்தது. அன்று, அதிகம் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லை லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது வட்டாரங்களுக்கும், விரிந்தது. 2019இல் நகர மையத்தில் தொடங்கி, 2021இல் வட, தென் சுற்றுச் சாலைகள் வரை வந்து, கடைசியாக ஹாரோவுக்கும் வந்தது. டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும், பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவான வண்டிகள். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 2006 வாக்கில் வந்த காரே தேறிவிடும். பத்து வயது தாண்டிய என் டீசல் நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவரின் பதினாறு வயதுப் பெட்ரோல் கார் ஜம்மென்று சும்மா போகும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில் நிற்கும் காரிடம் காசு கேட்காத ஒரே ஏற்பாடு இந்த யூலெஸ்தான். ஓட்டிய நாளுக்கு மட்டும் கட்டினால் போதும். ஆனால் நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. செப்டம்பரில் அம்மாவை அழைத்துவர ராத்திரி பத்தரைக்கு ஹீத்ரோ போனேன். ஊறுகாய்ப் பாட்டில்களோடு அம்மா வெளியே வந்தபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மைல் தூரத்துக்கு இரண்டு நாள் கட்டணம், 25 பவுண்டு. அம்மா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை பேசவில்லை.

மேயரின் திட்டத்தில் பழைய காரை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண்டு தந்தார்கள். என் வண்டியோ இன்னும் நன்றாக ஓடும், ஞாயிற்றுக்கிழமைகளின் புண்ணியத்தில் வடிகட்டிகூடச் சுத்தம். உடைக்க மனசு வரவில்லை. லிங்கன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து 2,700க்கு வாங்கினார். தினம் நாற்பது மைல் ஓட்டுகிறவராம். காருக்குக் கடைசியில் நல்ல இடம் அமைந்தது.

விற்கிற அன்றுதான் வி5சி என்ற பதிவுப் புத்தகத்தை முதல் தடவையாக முழுக்க வாசித்தேன். அதில் இருப்பது உரிமையாளரின் பெயர் அல்ல. 'ரெஜிஸ்டர்ட் கீப்பர்', அதாவது வைத்துப் பார்த்துக்கொள்பவர். இது உடைமைக்கு ஆதாரம் அல்ல என்று அந்தத் தாளே அச்சடித்துச் சொல்கிறது. எட்டு வருடம் நான் அந்தக் காருக்கு மாடு மேய்க்கிற பையன் மாதிரிதான் இருந்திருக்கிறேன். நான் கட்டிய வரியும் காரோடு போகாது. 2014 அக்டோபரில் கண்ணாடியில் ஒட்டும் வட்டச் சீட்டை ஒழித்தபோதே அந்த வழக்கமும் போனது. மிச்ச முழு மாதங்களுக்கு எனக்குப் பணம் திரும்பி வரும், வாங்குகிறவர் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த மனிதர் எங்கள் வாசலில் தூறலில் நின்றபடி, வி5சியிலிருந்து கிழித்துக் கொடுத்த பச்சைச் சீட்டிலிருந்த பன்னிரண்டு இலக்க எண்ணைப் போனில் தட்டி வரி கட்டினார். பிறகுதான் இன்ஜினைக் கிளப்பினார்.

அதற்குப் பதில் வாங்கியது இப்போதுள்ள சின்னப் பெட்ரோல் கார், 2015 மாடல். வாங்கும்போது வரி பூஜ்யம். 2025 ஏப்ரலில் அதை 20 பவுண்டாக்கினார்கள்.

குளிர்காலம் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. ஊரில் வானத்திலிருந்து குளிர்ந்து எது இறங்கினாலும் பனி என்ற ஒரு சொல் போதும், தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. இங்கே ராத்திரி வெளியில் நிற்கும் காரின் கண்ணாடியில் அது அப்பளத் தகடு மாதிரி பிடித்துக்கொள்ளும். முதல் குளிர்காலத்தில் அது என் சொந்தக் கார்கூட இல்லை, நண்பனுடையது. அவசரத்தில் கெட்டிலிலிருந்து வெந்நீரை ஊற்றினேன். பனி கரைந்தது. கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு கீறல் நிதானமாக, கையெழுத்துப் போடுவதுபோல, நடு வரை போனது. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

இப்போது பத்து நிமிடம் முன்பே போய்ச் சுரண்டுகிறேன். ஓட்டுநர் பக்கம் ஒரு சின்ன ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது சட்ட விரோதம், எல்லாக் கண்ணாடியும் தெளிவாக இருக்க வேண்டும். இன்ஜினைப் போட்டுவிட்டுச் சூடேறட்டும் என்று உள்ளே காபி குடிக்கப் போவதும் பொதுத் தெருவில் குற்றம்தான். திருடன் வந்தால் அதைவிட வசதி அவனுக்குக் கிடையாது, சாவி உள்ளே இருந்ததென்றால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும்.

சரி, வண்டி நிறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

பிசிஎன் என்ற மூன்று எழுத்துக்கு இங்கே இரண்டு அர்த்தம். கவுன்சில் கொடுத்தால் 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்', அது அபராதம். தனியார் இடத்தில் கொடுத்தால் 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்', அது ஒப்பந்தப்படி கேட்கும் கட்டணம். தாளும் நிறமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. முன்பெல்லாம் தனியார் ஆட்கள் சக்கரத்துக்குப் பூட்டே போடுவார்கள். 2012 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடை செய்தார்கள். பூட்டுக்குப் பதில் இப்போது கேமரா.

எனக்கு வந்த கடிதத்தில், ஒரு கடையின் வண்டி நிறுத்தத்தில் நான் ஆறு மணி நேரம் ஐம்பது நிமிடம் நின்றதாக எழுதியிருந்தது. காலையில் உள்ளே நுழையும் படம், சாயங்காலம் வெளியே போகும் படம், இரண்டும் என் கார்தான். நூறு பவுண்டு, பதினாலு நாளுக்குள் கட்டினால் அறுபது. உண்மையில் காலையில் போய் இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். கொத்தமல்லி மறந்துபோய்ச் சாயங்காலம் மறுபடியும் போனேன். நடுவே நான் வெளியே போனதையும் உள்ளே வந்ததையும் கேமரா கோட்டைவிட்டிருந்தது.

அறுபதைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றாள் மனைவி. எனக்கு வீம்பு. கடை ரசீதுகள் இரண்டு, நடுப்பகலில் மகனின் நீச்சல் வகுப்பு முன்பதிவு, அங்கே எடுத்த ஒரு புகைப்படத்தில் ஓரமாகத் தெரிந்த எங்கள் கார், எல்லாவற்றையும் அனுப்பினேன். கம்பெனி மறுத்தது. அதற்கு மேலே ஒரு சுயேச்சையான முறையீட்டு அமைப்பு இருக்கிறது, அங்கே ரத்தானது. இதெல்லாம் சட்டப்படி செல்லாது, கிழித்துப் போடு என்று அலுவலகத்தில் ஒருவர் ஆலோசனை சொன்னார். அந்தக் காலம் 2015 நவம்பரோடு போயிற்று. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்குக் கேட்ட 85 பவுண்டைக் கட்ட மறுத்த பாரி பீவிஸ் என்ற மனிதர் அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்; தோற்றார். கடையில் வைத்திருக்கும் பலகை தெளிவாக இருந்தால் கட்டணம் செல்லும்.

லெஸ்டரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தெரு குறுகலாக இருக்கிறதே என்ற நல்லெண்ணத்தில் இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினார். அவர் ஊரில் எல்லோரும் செய்வது. லண்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கூடாது, பலகை அனுமதித்தால் ஒழிய. சாப்பிட்டு வருவதற்குள் கண்ணாடியில் ஒரு பாலிதீன் உறை. வெம்ப்ளிப் பக்கமோ இன்னும் நுட்பம். அரங்கத்தில் பந்தயமோ கச்சேரியோ இருக்கிற நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களில் பெர்மிட் இல்லாமல் நிறுத்தக்கூடாது. வெண்டைக்காய் வாங்கப் போகிறவன் கால்பந்து அட்டவணை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இன்சூரன்ஸ்காரர்களின் முதல் கேள்விகளில் ஒன்று, ராத்திரி கார் எங்கே நிற்கும் என்பது. தெருவிலா, வீட்டு முன்னாலா, கராஜிலா. எவ்வளவு வேகமாக ஓட்டுவாய் என்று யாரும் கேட்டதில்லை. வேலையைக் கேட்பார்கள். ஒரே வேலையை உண்மை மாறாமல் இரண்டு விதமாகச் சொன்னபோது எனக்கு நாற்பது பவுண்டு வித்தியாசம் வந்தது. பொய் சொன்னால் பாலிசியே செல்லாது, அதில் விளையாடக்கூடாது. 2022 ஜனவரியிலிருந்து பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் தானாகப் புதுப்பித்துக்கொள்ள விடாமல், கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே நாலு இடத்தில் விலை கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொரு வருடமும் ஏதோ குறைகிறது.

டயர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. புது டயரிலும் அந்த நாலு இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன், அண்ணன் பழக்கிவிட்ட வியாதி. சாவியைக் கொடுக்கும்போது, "அடுத்த வருசத்துக்குள்ளை எங்கையாவது தூரமாப் போயிட்டு வாங்கோ தம்பி. ஸ்கொட்லண்ட் எண்டாலும்" என்றார். போகலாம் என்றுதான் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது வீட்டுக்கு நேர் முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. லைம் மரத்தின் நிழலைத் தாண்டி, தெருவிளக்கின் அடியில், முன்னும் பின்னும் ஒரு முழம் விட்டு. வருடத்தில் ஐந்தாறு தடவைதான் அப்படி அமையும். நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, தயிர் வாங்க மறந்துட்டோம்" என்றாள் மனைவி, ஏழு மணிக்கு.

வெளியே நல்ல மழை. கடை முக்கால் மைல். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தேன். எதிர்த் தெருவிலிருந்து ஒரு வண்டி இடம் தேடிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது, எங்கள் கார் அருகே வந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்து போனது.

குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன்.